நர்சிங், மிட்வைஃபரி பட்டப்படிப்பில் சேருமுன்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம்

இடம் கிடைத்த செய்தி வந்த அன்றே பலர் செய்யும் முதல் வேலை ஸ்டெதஸ்கோப் வாங்குவது. அடுத்தது, தலையணை கனத்தில் ஓர் உடற்கூறியல் புத்தகம். தடுப்பூசி அட்டை எங்கே என்று அலமாரியைக் குடைவது, வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதுதான். வரிசை அப்படியே தலைகீழ்.

புத்தகம் நினைத்த நாளில் கிடைக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமான அட்டவணைப்படி முடிய 6 மாதம் ஆகும். குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று காட்டும் காவல்துறைச் சான்று எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. அதனால், காத்திருக்க வேண்டியவற்றை முதலில் தொடங்குங்கள். உட்கார்ந்து செய்ய வேண்டியவை பிறகு. காசு கொடுத்தால் கிடைப்பவை கடைசியில். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் வருகின்றன.

1. முதல் வார்டு நாள் எது என்று கேளுங்கள்

கல்லூரி திறக்கும் தேதியை எல்லோரும் குறித்து வைத்திருப்பார்கள். நமக்கு வேண்டியது, முதன்முதலாக நோயாளியின் அருகே நிற்கப்போகும் தேதி. சில இடங்களில் அது நான்காவது வாரமே வந்துவிடும், சில இடங்களில் இரண்டாம் பருவத்தில். எல்லாத் தயாரிப்பையும் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தடுப்பூசி அட்டை, காவல்துறைச் சான்று போன்ற தாள்கள் முடியாவிட்டாலும் வகுப்பில் உட்கார விடுவார்கள், வார்டுக்குள் விடமாட்டார்கள். தவறிய வார்டு மணிநேரத்தைப் பிறகு விடுமுறையில் வந்து ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

அலுவலகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை: எந்தெந்தத் தடுப்பூசிக்குச் சான்று வேண்டும், போட்டதற்கான அட்டை போதுமா, இரத்தப் பரிசோதனை முடிவும் வேண்டுமா, எந்தத் தேதிக்குள் தர வேண்டும், உயிர்காக்கும் முதலுதவிச் சான்று வேண்டுமா, யூனிஃபார்ம் அவர்களே தருவார்களா. வாய்மொழிப் பதிலை நம்பி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சீனியர் சொன்னார் என்பதும் செல்லாது, ஆண்டுக்காண்டு விதி மாறும்.

2. தடுப்பூசியை இந்த வாரமே தொடங்குங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் படி இது. கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் பழைய அட்டையைத் தேடுங்கள். குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசிகளுக்கு எழுத்துச் சான்று இல்லையென்றால், போடவில்லை என்றே கணக்கு. அம்மாவின் ஞாபகம் ஆவணமாகாது. அட்டை கிடைக்காவிட்டால் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தியைப் பார்க்கலாம், அல்லது மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

ஹெபடைடிஸ் பி: மூன்று ஊசிகள். முதல் ஊசி இன்று என்றால் இரண்டாவது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது 6-ஆம் மாதம். அத்தோடு முடியவில்லை. கடைசி ஊசி போட்டு 1 முதல் 2 மாதத்துக்குள் டைட்டர் பரிசோதனை, அதாவது இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை, செய்ய வேண்டும். அதில் 10 அலகு அல்லது அதற்கு மேல் வந்தால்தான் பாதுகாப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். குறைந்தால் மீண்டும் ஊசி. ஆக, முழுக் கணக்கு 7, 8 மாதம். நாள் குறைவாக இருந்தால் விரைவு அட்டவணை உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதிலும் 12-ஆம் மாதம் கூடுதலாக ஓர் ஊசி வரும், அதை மறந்துவிடக் கூடாது. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி நம் கையில் குத்தி, அவர் இரத்தம் நம் உடலில் ஏறும் விபத்து, புதிதாகக் கற்பவர்களுக்கு நேரக்கூடிய ஒன்று. இந்த ஊசிக்கு இத்தனை கெடுபிடி அதனால்தான்.

தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசி இரண்டு தவணை, இடையில் குறைந்தது 4 வாரம். சின்னம்மைக்கும் அப்படியே இரண்டு தவணை. இவை உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை. கர்ப்பமாக இருந்தால் போடக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் 4 வார இடைவெளி விட வேண்டும். மிட்வைஃபரி படிப்பவர்கள் ரூபெல்லாவில் அசட்டையாக இருக்கவே கூடாது. நமக்கு அது நாலு நாள் காய்ச்சல். நாம் தொட்டுப் பரிசோதிக்கும் கர்ப்பிணியின் வயிற்றில் உள்ள சிசுவுக்கு அது கண், காது, இதயத்தைப் பாதிக்கும் நோய்.

காசநோய்ப் பரிசோதனை இங்கேதான் மற்றவற்றோடு சிக்கிக்கொள்ளும். கையில் தோலுக்குள் மருந்து போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அந்தத் தடிப்பை அளக்க வேண்டும். வியாழக்கிழமை போட்டுக்கொண்டு, சனி ஞாயிறு கிளினிக் மூடியிருக்க, திங்கட்கிழமை போய் நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். இன்னொன்று: எம்.எம்.ஆர். போட்டபின் சில வாரங்களுக்கு இந்தத் தோல் பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். ஆகவே ஊசி போடுமுன் அல்லது அதே நாளில் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். தவறினால் 4 வாரம் காத்திருக்க வேண்டும். பிறந்தபோது பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோல் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. இரத்தத்தில் செய்யும் காசநோய்ப் பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை. கல்லூரி ஏற்குமானால் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். பாசிட்டிவ் வந்தால் படிப்பு போயிற்று என்று அழவேண்டாம். மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மருந்து கொடுத்து, தொற்றில்லை என்று உறுதியானதும் வார்டுக்கு அனுப்புவார்கள்.

ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, முத்திரை, கையொப்பம் மூன்றும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். முத்திரை இல்லாத அட்டைக்காக மறுபடி அதே வரிசையில் நின்றவர்கள் பலர்.

3. காவல்துறைச் சான்றும் மற்றத் தாள்களும்

குழந்தைகள், முதியவர்கள், சுயநினைவு இல்லாதவர்கள் நம் கையில் ஒப்படைக்கப்படுவதால் இந்தச் சான்றைக் கேட்கிறார்கள். எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், திருமணத்துக்குப்பின் மூன்றாவது பெயர் என்றிருந்தால் அங்கேயே நிற்கும். வேறு நாட்டில் சில காலம் வாழ்ந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றையும் கேட்கலாம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

இந்தச் சான்றைச் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறேனே தவிர, மிகச் சீக்கிரம் வாங்கவும் கூடாது. பல இடங்களில் இத்தனை மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று விதி உண்டு. உயிர்காக்கும் முதலுதவிச் சான்றுக்கும் அதே கதை. அதில் இன்னொரு பொறியும் இருக்கிறது: கணினியில் மட்டும் படித்து வாங்கிய சான்றை ஏற்காத இடங்கள் உண்டு. பொம்மையின் நெஞ்சில் கை வைத்து அழுத்திப் பழகியிருக்க வேண்டும். 30 அழுத்தலுக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தல், வளர்ந்தவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம் என்று வாயால் சொல்வது எளிது. ஐந்து செ.மீ. எவ்வளவு பலம் கேட்கும் என்பது கைக்குத்தான் தெரியும்.

4. உடம்பில் உள்ளதை மறைக்காதீர்கள்

மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். சொன்னால் இடம் போய்விடுமோ என்ற பயம். உண்மையில் அந்தப் படிவத்தின் வேலை, உங்களுக்கு என்ன வசதி செய்து தர வேண்டும் என்று தெரிந்துகொள்வது. முதுகுவலி, வலிப்பு, ஆஸ்துமா, லேடெக்ஸ் ஒவ்வாமை, வாசிப்பதில் சிரமம், மன அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரை என்று எதுவானாலும் முன்கூட்டியே தெரிந்தால் வழி செய்யலாம். வார்டில் நடுவழியில் வெளிப்பட்டால் மறைத்ததே குற்றமாகிவிடும்.

கைத்தோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாரும் யோசிக்காத விஷயம் அது. ஒரு டியூட்டியில் எத்தனையோ முறை கை கழுவ வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களை எந்த வார்டிலும் சொல்லித் தருவார்கள்: நோயாளியைத் தொடுமுன், கிருமியற்ற செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்டபின். ஆல்கஹால் கலந்த கைத்திரவம் தேய்ப்பதானால் 20 முதல் 30 நொடி, சோப்பு போட்டால் 40 முதல் 60 நொடி. ஏற்கெனவே கையில் கரப்பான், வெடிப்பு உள்ளவர்களுக்கு இரண்டே வாரத்தில் தோல் கிழிந்துவிடும், கிழிந்த தோல் கிருமிக்கு வாசல். வகுப்பு தொடங்குமுன்பே தோல் மருத்துவரைப் பார்த்து, மணமில்லாத களிம்பு ஒன்றைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

5. வார்டின் வாடையை ஒரு முறையாவது நுகருங்கள்

முடிந்தால் முதியோர் இல்லம், வலிதணிப்பு மையம், மருத்துவமனை உதவியாளர் வேலை என்று எங்காவது சில நாள் இருந்து பாருங்கள். மலம், வாந்தி, சீழ், இரத்தம் இவற்றின் நெடியில் நின்று ஒருவரிடம் இயல்பாகப் பேச முடிகிறதா என்பது புத்தகத்தில் தெரியாது. முதல் நாளில் முகம் சுளித்தால் பரவாயில்லை, எல்லோரும் சுளித்தவர்கள்தாம். மூன்றாம் நாளும் உள்ளே போகவே பிடிக்கவில்லையா என்று பாருங்கள்.

மிட்வைஃபரிக்கு வருபவர்களில் பலர், 'எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்' என்பார்கள். அங்கே உங்கள் வேலையின் பெரும்பகுதி தாயோடு. கர்ப்பகாலம், வலி நேரம், பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள் மூன்றிலும் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். சில பிரசவங்கள் அழுகுரல் இல்லாமல் முடியும். அன்றும் டியூட்டி உண்டு. இதை யோசித்துவிட்டு வருவது நல்லது.

படிப்பின் காலமும் ஒன்றல்ல. சர்வதேச மிட்வைஃப் கூட்டமைப்பின் தரவரையறைப்படி நேரடியாக மிட்வைஃபரி சேர்பவர்களுக்குக் குறைந்தது 3 ஆண்டு, நர்சிங் முடித்து வருபவர்களுக்குக் குறைந்தது 18 மாதம். பாடத்திட்டத்தில் குறைந்தது பாதி செயல்முறைப் பயிற்சி. எந்த வழி என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் இந்தக் கணக்கையும் பாருங்கள்.

6. கணக்கைத் தூசி தட்டுங்கள்

வகுப்பு தொடங்குமுன் ஒரே ஒரு பாடம்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், மருந்துக் கணக்கைப் படியுங்கள். உடற்கூறு கல்லூரியில் அடியிலிருந்து சொல்லித் தருவார்கள். பெருக்கல், வகுத்தல், தசமம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே கணக்கு நடத்துவார்கள். சில கல்லூரிகளில் மருந்துக் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் தேர்ச்சி. தொண்ணூறு மதிப்பெண் என்றால் பத்தில் ஒரு நோயாளிக்குத் தவறான அளவு என்று அர்த்தம்.

அலகு மாற்றம் முதலில். 1 கிராம் 1000 மில்லிகிராம். 1 மில்லிகிராம் 1000 மைக்ரோகிராம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

அடுத்து அளவுக் கணக்கு. தேவையான அளவைக் கையிருப்பின் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் திரவத்தால் பெருக்க வேண்டும். 75 மி.கி. தரச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்பூலில் (ஊசிமருந்து வரும் சிறு கண்ணாடிக் குப்பி) 2 மி.லி.யில் 100 மி.கி. இருக்கிறது. 75-ஐ 100-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் 1.5 மி.லி.

எடைக் கணக்கு: 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 180 மி.கி. மருந்து 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப். ஆக 7.5 மி.லி.

டிரிப் கணக்கு: 1000 மி.லி. திரவம் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். டிரிப் செட் 1 மி.லி.க்கு 20 சொட்டு. 1000-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 41.67 சொட்டு. சொட்டைப் பாதியாக வெட்ட முடியாது, 42 என்று வைப்போம்.

புதியவர்கள் எங்கே தவறுகிறார்கள்? பெருக்கலில் அபூர்வம். மணியை நிமிடமாக்க மறப்பதிலும், மி.கி.யையும் மைக்ரோகிராமையும் கலப்பதிலும்தான். ஆகவே எண்ணைத் தொடுமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று மனதில் சொல்லிப் பாருங்கள். ஓர் ஊசிக்கு 15 மி.லி. என்று விடை வந்தால் கை தானாக நிற்க வேண்டும்.

எழுதும் பழக்கத்தையும் இப்போதே மாற்றுங்கள். புள்ளிக்கு முன் எப்போதும் பூஜ்யம் வேண்டும்: 0.5. வெறும் .5 என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளி பூஜ்யம் கூடாது. 5.0 என்பது 50 ஆகும். இரண்டுமே பத்து மடங்கு மருந்து.

மிட்வைஃபரிக்கு இன்னொரு கணக்கு சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 7 நாள் கூட்டி, 3 மாதம் கழித்தால் உத்தேசப் பிரசவ தேதி. மார்ச் 10 என்றால் டிசம்பர் 17. இது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்குச் சரியாக வரும். சுழற்சி மாறுபட்டால் கணக்கும் மாறும்.

7. உடற்கூறு: கொஞ்சம் போதும்

அந்தத் தலையணைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க முயன்று செல் அமைப்பிலேயே நின்றுபோனவர்கள் ஏராளம். இதயத்திலிருந்து கிளம்பிய இரத்தம் எங்கெங்கே போய்த் திரும்புகிறது, மூச்சுக்காற்று எங்கே இரத்தத்தோடு கலக்கிறது, சிறுநீரகம் என்ன செய்கிறது என்று மூன்றையும் படம் போட்டு ஒரு குழந்தைக்குச் சொல்ல முடிந்தால் போதும். மிட்வைஃபரிக்கு இடுப்பெலும்பு, கருப்பை, தொப்புள்கொடி வழியே இரத்தம் போகும் பாதை ஆகியவற்றையும் சேருங்கள்.

அதைவிட அதிகப் பயன் தருவது மருத்துவச் சொற்களின் ஒட்டுகள். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'எக்டமி' என்றால் வெட்டி அகற்றல். 'ஹைப்பர்' கூடுதல், 'ஹைப்போ' குறைவு. 'டாக்கி' வேகம், 'பிராடி' மந்தம். முப்பது ஒட்டு தெரிந்தால், கேள்விப்படாத முந்நூறு சொற்களை ஊகித்துவிடலாம். முதல் வார ஹேண்டோவரில், அதாவது டியூட்டி மாறும்போது நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் நேரத்தில், சிஸ்டர் கடகடவென்று சொல்லும்போது முழுக்கக் காதைத் தாண்டிப் போகாமல் இருக்க இதுதான் உதவும்.

வீட்டில் உள்ளவர்களின் நாடியை எண்ணிப் பழகுங்கள். வளர்ந்தவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100. சீராக இருந்தால் 30 நொடி எண்ணி இரட்டிக்கலாம், தாறுமாறாக இருந்தால் முழு நிமிடம். மூச்சு 12 முதல் 20. அதை எண்ணுவதாகச் சொல்லாதீர்கள், சொன்னதும் மூச்சு மாறிவிடும். நாடி பிடித்த கையை எடுக்காமல் நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள்.

8. வாங்குவது

ஷூ ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முன்பக்கம் மூடியது, திரவம் ஊறாதது, வழுக்காத அடிப்பாகம், துடைத்தால் சுத்தமாவது. மாலையில் போய் வாங்குங்கள், நாள் முழுதும் நின்றபின் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு அப்போதுதான் சரியாக அமையும். வார்டுக்குப் போகுமுன் இரண்டு வாரம் வீட்டில் போட்டு நடங்கள். புது ஷூவில் 12 மணி நேர டியூட்டி நின்றவரின் குதிகாலைப் பார்த்தால் காரணம் கேட்கமாட்டீர்கள்.

நொடிமுள் உள்ள, நெஞ்சில் குத்திக்கொள்ளும் கடிகாரம் ஒன்று. முழங்கைக்குக் கீழே கடிகாரம், வளையல், மோதிரம் எதையும் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. அவற்றின் அடியில் கிருமி தங்கும், கையும் சரியாகக் கழுவ முடியாது. நகப்பூச்சும் ஒட்டு நகமும் அப்படியே.

ஸ்டெதஸ்கோப், புத்தகங்கள் இரண்டையும் முதல் வாரம் முடிந்தபின் வாங்குங்கள். கல்லூரி எந்தப் பதிப்பைச் சொல்கிறது என்று தெரிந்துவிடும், நூலகத்திலும் இருக்கலாம். ஸ்டெதஸ்கோப் பயிற்சிக்கூடத்தில் தருவார்கள். விலை உயர்ந்ததை முதல் வாரமே கழுத்தில் மாட்டி வந்து, இரண்டாம் வாரம் தொலைத்தவர்களும் உண்டு.

9. டியூட்டி நேரத்துக்கு வீட்டைத் தயார் செய்யுங்கள்

மற்றப் பட்டப்படிப்புகள் போல் மதியத்தோடு முடியும் நாட்கள் இதில் குறைவு. காலை டியூட்டிக்கு விடியுமுன் கிளம்ப வேண்டும், இரவு டியூட்டியும் வரும். அந்த நேரத்தில் பேருந்து இருக்கிறதா என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். பயிற்சி மருத்துவமனை கல்லூரியிலிருந்து வெகுதூரத்தில் இருக்கலாம், அந்தப் பயணச் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பகுதிநேர வேலை பார்ப்பவர்கள், வார்டு வாரங்களில் அந்த வருமானம் வராது என்றே பட்ஜெட் போடுங்கள்.

சிறு குழந்தை உள்ளவர்கள், பார்த்துக்கொள்பவர் வர முடியாத நாளுக்கு இன்னொருவரையும் ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். வீட்டாரிடம் ஒன்றை முன்பே பேசிவிடுங்கள்: நைட் டியூட்டி முடிந்து பகலில் தூங்குவது சோம்பல் இல்லை, அந்த நேரத்தில் சமையல் கேட்கக் கூடாது.

10. கைபேசியைச் சுத்தம் செய்யுங்கள்

சமூக ஊடகக் கணக்குகளைப் பூட்டுங்கள், பழைய பதிவுகளைப் பாருங்கள். வார்டுக்குள் செல்ஃபி வேண்டாம். நோயாளி படத்தில் இல்லையே என்பார்கள். பின்னாலிருக்கும் பலகையில் அவர் பெயரும் படுக்கை எண்ணும் இருக்கும். பெயர் சொல்லாமல் 'இன்று ஒரு அம்மா...' என்று எழுதினாலும், சின்ன ஊரில் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். படிப்பிலிருந்து நீக்குமளவுக்கு இது போகும்.

11. கடைசி வாரம்

தாள்கள் எல்லாவற்றையும் மூன்று நகல் எடுத்து, ஒன்றைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும் நேரத்தை ஒவ்வொரு நாளும் அரை மணி முன்னால் தள்ளி, காலை டியூட்டிக்கு உடம்பைப் பழக்குங்கள்.

முதல் வார்டு நாளன்று வெறும் வயிற்றோடு போகாதீர்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றும்போதோ முதல் பிரசவத்தைப் பார்க்கும்போதோ தலை சுற்றிக் கீழே விழும் மாணவர்கள் ஆண்டுதோறும் உண்டு, நானும் அப்படி விழுந்தவள்தான். காது அடைக்கிறது, வேர்க்கிறது, கண் இருட்டுகிறது என்றால் சமாளித்து நிற்க முயல வேண்டாம். 'சிஸ்டர், எனக்கு உட்காரணும்' என்று சொல்லிவிட்டு, கட்டிலிலிருந்தும் கருவிகள் வைத்த தட்டிலிருந்தும் விலகி, சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள். ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்து மீதியைப் பார்க்கலாம்.